பைக் கேள்வி – பதில்: எது நல்ல ஸ்போர்ட்ஸ் பைக்?

கேள்வி: நாங்கள் ஆறு பேர், ஞாயிறு காலை ஏற்காடு ஏறி இறங்குகிற கூட்டம். டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் ஒரே சண்டைதான். ஒருவன் நாலு சிலிண்டர் 1000 சிசிக்குக் கீழே எதுவும் ஸ்போர்ட்ஸ் பைக்கே இல்லை என்கிறான், இன்னொருவன் டுகாட்டியைத் தவிர எதையும் ஒத்துக்கொள்வதில்லை. சிறந்த ஸ்போர்ட்ஸ் பைக் எது, நீங்கள் சொல்லுங்கள். – வாசகர், சேலம்

பதில்: ஒரே ஒரு வண்டியைத்தான் சொல்ல வேண்டும் என்றால் 1992-இல் வந்த ஹோண்டா சிபிஆர் 900 ஆர்ஆர், முதல் ஃபயர்பிளேடு. இன்றைக்கு அதைத் தூக்கிச் சாப்பிடுகிற வண்டிகள் நிறைய உண்டு, தெரிந்துதான் சொல்கிறேன். அந்தக் காலத்து 1000 சிசி வண்டிகள் 200 கிலோவைத் தாண்டியவை, யார் எஞ்சினில் எத்தனை குதிரைத்திறன் என்பதுதான் அன்றைய போட்டி. ஹோண்டாவின் இன்ஜினியர் ததாவோ பாபா எடையில் கை வைத்தார். 893 சிசி எஞ்சின், பெட்ரோல், ஆயில் எல்லாம் சேர்க்காமல் வண்டி 185 கிலோ, ஏறக்குறைய அதே கம்பெனியின் 600 சிசி வண்டி எடை. எஞ்சின் பலம் போட்டி வண்டிகளைவிடக் குறைவுதான், ஆனால் வளைவுகள் நிறைந்த ரோட்டில் அதைப் பிடிக்க அவற்றால் முடியவில்லை.

காரணம் சிம்பிள். ஒரு வளைவில் நீங்கள் செய்வது மூன்று வேலை: பிரேக் பிடிக்கிறீர்கள், வண்டியைச் சாய்க்கிறீர்கள், அப்புறம் முறுக்கி வெளியே வருகிறீர்கள். கூடுதல் பலம் உதவுவது மூன்றாவதுக்கு மட்டும். எடை குறைந்தால் மூன்றிலும் லாபம், டயருக்கும் சுமை குறைவு.

அடுத்த பாய்ச்சல் 1998-இல் யமஹா ஆர்1. 998 சிசி, 150 குதிரைத்திறன், உலர் எடை 177 கிலோ என்று எல்லோரும் ஒப்பிப்பார்கள், எனக்குப் பிடித்தது வேறு இடத்தில் இருக்கிறது. கியர் பெட்டியின் தண்டுகளை ஒன்றன் பின்னால் ஒன்றாக வைக்காமல் மேலும் கீழுமாக அடுக்கினார்கள். அதனால் எஞ்சினின் நீளம் குறைந்தது, மிச்சமான இடத்தில் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்மை நீளமாக்கினார்கள், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரமோ 1395 மி.மீ.தான். ஸ்விங்ஆர்ம் நீளமாக இருந்தால் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது அதன் கோணம் அவ்வளவாக மாறாது, வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைத் திறந்தாலும் பின் டயர் துள்ளாமல் தரையைப் பற்றிக்கொண்டே வரும். ஷோரூமில் நின்று பார்த்தால் இது கண்ணில் படாது, கொண்டை ஊசியில் இடுப்புக்குத் தெரியும்.

டுகாட்டி நண்பருக்கு: 1994-இல் மாசிமோ தம்புரினி வரைந்த 916 மாதிரி அழகான வண்டி இன்னொன்று வந்ததாக நான் நினைக்கவில்லை, அதில் நாம் ஒரே கட்சி. ஆனால் இரண்டு சிலிண்டருக்கே பேர்போன அதே டுகாட்டி 2018-இல் தன் உச்ச வண்டியை நாலு சிலிண்டர் வி4 ஆக்கியது, அதிலும் எஞ்சினுக்குள் சுழல்கிற கிராங்க் தண்டைச் சக்கரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுற்ற வைத்தது, சக்கரங்கள் சுழலும்போது வண்டியைச் சாய விடாமல் இழுக்கிற விசையைக் கொஞ்சம் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. அவர்கள் தேடியதும் சுலபமாகச் சாய்கிற வண்டியைத்தான். சிலிண்டரை எண்ணிச் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: டாப் ஸ்பீடு அதிகம் உள்ளதுதானே சிறந்த பைக்? அப்படிப் பார்த்தால் சுசூகி ஹயபூசாதானே? – வாசகர், தூத்துக்குடி

பதில்: இல்லை. 1999-இல் ஹயபூசா 300 கி.மீ.யைத் தாண்டியது பெரிய சாதனை, அதற்கு அப்புறம்தான் கம்பெனிகள் 300-ஐ எல்லையாக வைத்துக்கொண்டன. ஆனால் இன்றைய ஹயபூசா 260 கிலோவுக்கு மேல். நீண்ட நேர் ரோட்டுக்குப் பிறந்த வண்டி அது, நெருக்கமான வளைவுகளில் அந்த எடையை இடமும் வலமுமாகப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. முதல் பைக்கே ஸ்போர்ட்ஸ் பைக்தான் வேண்டும் என்று அடம். யமஹா ஆர்15 வாங்கவா, ஓசூரில் தயாராகிற டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 வாங்கவா? பயமாகவும் இருக்கிறது. – ஒரு அம்மா, தருமபுரி

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன்: முதல் வண்டிக்கு ஆர்15 போதும். 2008-இல் அது வந்தபோது 150 சிசி வண்டியில் லிக்விட் கூலிங், நாலு வால்வு, ஆறு கியர், பெரிய வண்டிகளில் இருந்த டெல்டாபாக்ஸ் ஃபிரேம், எல்லாம் கொடுத்தார்கள். எஞ்சின் சின்னது, தப்புச் செய்தால் பெரிதாக அடிக்காது, சேஸிஸ் மட்டும் அசல் ஸ்போர்ட்ஸ் பைக். சின்ன பலத்தை வைத்துக்கொண்டு வளைவில் வேகத்தை விடாமல் ஓட்டக் கற்றவன் பிறகு எந்த வண்டியையும் ஓட்டுவான்.

ஆர்ஆர் 310 மட்டம் என்று சொல்லவே மாட்டேன். 2017 டிசம்பரில் அது வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எஞ்சினைப் பின்பக்கம் சாய்த்து, காற்று முன்னால் நுழைந்து புகை பின்னால் போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள், பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து செய்த எஞ்சின் அது. ஆனால் 34 குதிரைத்திறனில் தொடங்கி இப்போது 38-க்கு வந்திருக்கிறது, இரண்டு வருடம் ஓட்டிப் பழகியவனுக்கு அது அருமை. 

வாங்கும் முன்னால் மகனை வண்டியில் பத்து நிமிடமாவது உட்கார வையுங்கள். ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கும், உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்கும். தினமும் டவுன் டிராஃபிக்கில் 30 கி.மீ. போகிற பையன் என்றால் அந்த வலி நிஜம். பழைய வண்டி பார்ப்பதாக இருந்தால் ஏபிஎஸ் (சட்டென்று பிரேக் பிடித்தாலும் சக்கரம் சிக்கி வழுக்காமல் காக்கிற வசதி) இல்லாததைத் தொடாதீர்கள். 2019 ஏப்ரலில் இருந்துதான் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளிலும் அது கட்டாயம். ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட்டுக்கான பணத்தையும் வண்டி விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கேள்வி: யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ ஸ்போர்ட்ஸ் பைக் என்று சொல்லலாமா? – வாசகர், மதுரை

பதில்: மனசு சொல்லச் சொல்கிறது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சொச்சம், முறுக்கினால் கையில் தெரிகிற அந்த இழுவை. ஆனால் இரண்டு பக்கமும் டிரம் பிரேக், மெல்லிய ஃபிரேம். ஓடுகிற அளவுக்கு நிற்கத் தெரியாத வண்டியை நான் ஸ்போர்ட்ஸ் பைக் என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: வேகமாக ஓட்டிப் பழக எங்கே போவது? – வாசகர், திருப்பூர்

பதில்: உங்களுக்குக் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பக்கத்திலேயே இருக்கிறது, சுமார் 2.1 கி.மீ. சுற்று. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை, 3.7 கி.மீ. பயிற்சி வகுப்புகள் நடக்கும்போது பணம் கட்டிச் சேருங்கள். எதிரில் லாரி வராது, ரோட்டில் மணல் கிடக்காது, அதே வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டித் தப்பைத் திருத்தலாம். ஒரு நாளில் கற்பது ரோட்டில் ஒரு வருடம் ஓட்டினாலும் வராது.

கேள்வி: புது வண்டி, ஆனால் வளைவில் முன்பக்கம் கனமாக, திரும்ப மறுக்கிற மாதிரி இருக்கிறது. சஸ்பென்ஷனை மாற்றவா? – வாசகர், நாமக்கல்

பதில்: ஒரு பைசா செலவழிக்கும் முன்னால் டயரில் காற்றைப் பாருங்கள். உங்கள் ஊர்ப் பக்கம் கொல்லிமலையில்தான் நானும் இதைக் கற்றேன். முதல் நாள் சாயந்தரம் ஒரு பங்க்சர் கடையில் காற்றுப் பிடித்தேன், கடைக்காரர் மீட்டர் வைக்காமல் விரலால் அமுக்கிப் பார்த்து "சரியா இருக்குண்ணே" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் எழுபது கொண்டை ஊசியில் பத்தாவதைக் கடப்பதற்குள் தோள் வலித்தது, ஹேண்டில்பாரைத் தள்ளித் தள்ளித்தான் திருப்ப முடிந்தது, ஒரு வளைவில் எதிர்ப்பக்கம் வரைக்கும் போய்விட்டேன், நல்லவேளை பஸ் வரவில்லை. ஓரமாக நிறுத்தி நண்பரின் மீட்டரை வைத்துப் பார்த்தால் முன் டயரில் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. கைப்பம்பால் நிரப்பிக்கொண்டு ஏறினேன், அதே வண்டி, பார்க்கிற பக்கம் தானாகத் திரும்பியது.

வண்டி சூடாகும் முன்னால், காலையில், புத்தகத்தில் போட்டிருக்கிற அளவுக்குப் பிடியுங்கள். அதன் பிறகும் கனமாக இருந்தால் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள், நடுவில் ஒரு இடத்தில் சிக்கி நின்றால் பால் ரேஸ் (ஹேண்டில்பார் திரும்புகிற இடத்து பேரிங்) போயிருக்கிறது அல்லது அதிகம் இறுக்கியிருக்கிறார்கள், புது வண்டி என்பதால் வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லுங்கள்.