கெட்ட செய்தி தலைமைக்கு எட்டுகிறதா?

பணியிடப் பண்பாடு குறித்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டுள்ளேன். எழுதியவர்கள் வேறு வேறு தொழிலில் இருப்பவர்கள். ஆனாலும் ஐவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் சிக்கி நிற்கிறார்கள்.

கேள்வி: அப்பா தொடங்கிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தை இப்போது நான் நடத்துகிறேன். சம்பளம், போனஸ், பி.எஃப். எதிலும் குறை வைத்ததில்லை. அண்மையில் வந்த ஆலோசகர் ஒருவர், பணியிடப் பண்பாட்டை முதலாளியே நேரடியாகக் கவனிக்க வேண்டும் என்கிறார். பையர், வங்கி, ஷிப்மென்ட் என்று ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு இது மனிதவள மேலாளரின் வேலையாகத்தான் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன ஐயா?
– ஏற்றுமதியாளர், திருப்பூர்

பதில்: சம்பளத்திலும் பி.எஃப்.பிலும் குறை வைக்காதது சிறிய செய்தியன்று. அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். ஆனாலும் ஆலோசகர் சொல்வதே சரி.

ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை அறிய நான் கேட்பது ஒரு கேள்விதான். தவறு நேர்ந்துவிட்டது என்ற செய்தியோடு மேலாளர் முன் போய் நின்றவருக்குச் சென்ற முறை என்ன நடந்தது? கட்டிங் மேசையில் விரித்த துணியில் ஷேடு மாறியிருப்பதை மாஸ்டர் பார்த்துவிடுகிறார். சொன்னால் துணி சாயப்பட்டறைக்குத் திரும்பிப் போக வேண்டும், ஷிப்மென்ட் தள்ளிப்போகும், இதை நேற்றே ஏன் பார்க்கவில்லை என்று எல்லோர் முன்னிலும் ஏச்சு விழும். சொல்லாவிட்டால் பழி செக்கிங் பிரிவின் மேல் போய்ச் சேரும். அவர் வாயைத் திறப்பாரா மாட்டாரா என்பது அவருடைய நேர்மையை மட்டும் பொறுத்ததன்று. போன மாதம் வாயைத் திறந்தவர் பட்ட பாட்டை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கீழேயிருந்து வரும் செய்தியை நம்பியே எடுக்கப்படுகிறது. மனிதவள மேலாளரால் விதிகளை எழுத முடியும். கெட்ட செய்தி கேட்டதும் உங்கள் முகம் போகும் போக்கை அவரால் மாற்ற முடியாது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் ஃப்ளோர் மேலாளர் நடந்துகொள்கிறார், அவரைப் பார்த்து லைன் சூப்பர்வைசர் நடந்துகொள்கிறார்.

இதன் விலை எவ்வளவு பெரிதாக முடியும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் புறப்பட்ட ஏறத்தாழ 82ஆவது வினாடியில், எரிபொருள் தொட்டியின் வெளிப்புறத்திலிருந்து பெயர்ந்த காப்பு நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. அதன் படப்பதிவைப் பார்த்துக் கவலைப்பட்ட நாசா பொறியாளர்கள், சுற்றுப்பாதையில் இருக்கும் கலத்தைப் பாதுகாப்புத் துறையின் உதவியோடு படமெடுத்துத் தரும்படி கேட்டார்கள். நிர்வாகம் அந்தக் கோரிக்கையை முன்னெடுக்கவில்லை. முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்திருந்தது, கலங்களும் பத்திரமாகத் திரும்பியிருந்தன. ஆகவே அது பராமரிப்புச் சிக்கலாகவே பார்க்கப்பட்டு வந்தது. கலம் பாதுகாப்பாக உள்ளது என்று காட்ட வேண்டிய கடமை நிர்வாகத்துடையதாக இருந்திருக்க வேண்டும். மாறாக, ஆபத்து உண்டென்று நிரூபிக்கும் சுமை பொறியாளர்கள் மேல் விழுந்தது. நிரூபிப்பதற்கு வேண்டிய படங்களோ அவர்களுக்குக் கிடைக்கவேயில்லை. பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பும் வழியில் கலம் சிதறி, கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேரும் உயிரிழந்தார்கள். ஓய்வுபெற்ற அட்மிரல் ஹரால்ட் கெமன் தலைமையிலான விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. நுரைத் துண்டுக்கு இந்த விபத்தில் எவ்வளவு பங்கு உண்டோ, நாசாவின் நிறுவனப் பண்பாட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று அது வெளிப்படையாகவே கூறியது.

என்னை இன்னும் வருத்துவது, இது இரண்டாம் முறை என்பதுதான். 1986இல், ஏவப்பட்ட சற்று நேரத்தில் சிதறிய சேலஞ்சர் விண்கலம் புறப்படுவதற்கு முந்தைய இரவும், ஏவூர்தியின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் சரிவரப் பொருந்தா என்று ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தடுத்துச் சொன்னார்கள். அன்றும் அவர்கள் சொல் எடுபடவில்லை. அங்கே அறிவுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அறிந்தவரின் சொல் முடிவெடுப்பவரிடம் போய்ச் சேர வழியில்லாமல் இருந்தது.

கேள்வி: மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளையும், கடைசி நொடியில் தடுக்கப்பட்டவற்றையும் பதிவேட்டில் மறைக்காமல் எழுதுமாறு என் வார்டு செவிலியர்களிடம் சொன்னேன். எண்ணிக்கை மளமளவென்று ஏறிவிட்டது. இப்போது நிர்வாகக் கூட்டத்தில், இருப்பதிலேயே மோசமான வார்டு என்று எங்களைத்தான் சொல்கிறார்கள்.
– செவிலியர் கண்காணிப்பாளர், மதுரை

பதில்: உங்கள் நிலையில் இருந்தவர்களை ஆராய்ச்சி ஒன்று நேராகவே சந்தித்திருக்கிறது. இன்று ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைப் பிரிவுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்து 1996இல் கட்டுரை வெளியிட்டார். ஒற்றுமையாகவும் நல்ல தலைமையின் கீழும் இயங்கும் பிரிவுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது: அத்தகைய பிரிவுகளில்தான் பதிவான தவறுகள் கூடுதலாக இருந்தன. அங்கே தவறுகளைப் பேச அஞ்ச வேண்டியதில்லை என்பதால் அவை பதிவாயின. மற்ற இடங்களில் அவை மறைந்தே இருந்தன என்ற விளக்கத்துக்கு அவர் வந்து சேர்ந்தார்.

எண்ணிக்கை ஏறினாலே வார்டு நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பதிவானவற்றில் எத்தனை நோயாளியைச் சென்றடைந்தன, எத்தனை அதற்கு முன்பே தடுக்கப்பட்டன என்று பிரித்துக் காட்டுங்கள். பிறகு, மாதக்கணக்கில் ஒரு தவறுகூடப் பதிவாகாத வார்டு எது என்று நிர்வாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் அந்த மருத்துவமனையின் தலைவராக இருந்தால் முதலில் அங்குதான் போவேன்.

கேள்வி: இலக்கை எட்டாதவர்களைக் காலைக் கூட்டத்தில் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள். எஃப்.டி. போட வரும் முதியவர்களிடம் காப்பீட்டுப் பாலிசியை எப்படியாவது விற்றுவிட வேண்டும் என்கிறார்கள். இது கிளை மேலாளரின் குணமா, மேலிடத்தின் குற்றமா?
– தனியார் வங்கி ஊழியர், சேலம்

பதில்: திட்டுவது மேலாளரின் குணமாக இருக்கலாம். ஆனால் அவரைத் திட்ட வைக்கும் எண் மேலிடத்திலிருந்துதான் வருகிறது.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது. எட்ட முடியாத இலக்கை எட்டியதாகக் காட்ட, வாடிக்கையாளர்களுக்கே தெரியாமல் அவர்கள் பெயரில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, சில ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் இதற்காக நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. குற்றம் ஊழியர்களுடையது என்பதே தலைமையின் முதல் விளக்கம். ஐயாயிரம் பேர் ஒரே தவறைத் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் செய்திருக்க முடியாது. அத்தனை பேரை நீக்கிய பிறகும் இலக்கின் மேல் ஐயம் எழவில்லை என்பதைத்தான் நான் பெருங்குற்றமாகக் கருதுகிறேன். தலைமை அதிகாரி ஜான் ஸ்டம்ஃப் அக்டோபரில் பதவி விலகினார். ஐயத்துக்குரிய கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று மறு ஆண்டு கணக்கிடப்பட்டது. 2018இல் அமெரிக்க மைய வங்கி, வெல்ஸ் ஃபார்கோவின் மொத்தச் சொத்து மேலும் வளரக் கூடாது என்று வரம்பு விதித்தது. அது ஏழாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2020இல் மேலும் 300 கோடி டாலர் கட்டி அரசோடு உடன்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. விற்பனையைப் பெருக்க வைத்த இலக்கே வங்கியின் வளர்ச்சியைக் கட்டிப்போட்டது.

உங்களுக்கு: வாய்மொழியாக வரும் உத்தரவுகளைத் தேதியோடு குறித்து வையுங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில், முறைகேடுகளை ஊழியர்கள் அச்சமின்றித் தெரிவிப்பதற்கான ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் கட்டாயமாக்கியுள்ளது. உங்கள் வங்கியில் அது எப்படி நடக்கிறது என்று விசாரித்தறிந்த பின் அதைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஆண்டு விழா, சுற்றுலா, பிறந்தநாள் கேக் என்று எங்கள் குழுவுக்கு எல்லாம் உண்டு. ஆனால் வாரக் கூட்டத்தில் எவரும் சிக்கலைச் சொல்வதில்லை. ரிலீஸுக்கு முந்தைய வாரம்தான் எல்லாம் வெளியே வருகிறது. நான் எங்கே தொடங்குவது?
– மென்பொருள் நிறுவன மேலாளர், சென்னை

பதில்: கேக் இருக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. தொடங்க வேண்டிய இடம் அந்த வாரக் கூட்டம்தான்.

2006இல் ஆலன் முலாலி ஃபோர்டு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது, வாரந்தோறும் ஒவ்வொரு துறைத் தலைவரும் தம் பணிகளைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டுக் காட்ட வேண்டும் என்றார். அவ்வாண்டு ஃபோர்டின் இழப்பு 1,200 கோடி டாலருக்கும் மேல். வந்த அறிக்கைகளோ அனைத்தும் பச்சை. இத்தனை பெரிய இழப்பில் இருக்கும் நிறுவனத்தில் சரியில்லாதது ஒன்றுகூட இல்லையா என்று அவர் கேட்டார். அதன் பிறகு ஒரு கூட்டத்தில், வட, தென் அமெரிக்கப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த மார்க் ஃபீல்ட்ஸ், கனடாவில் தயாராகிவந்த புதிய வண்டியின் பின்கதவுப் பகுதியில் கோளாறு என்று சிவப்பைக் காட்டினார். அறை அமைதியானது, அவர் வேலை போயிற்று என்றே மற்றவர்கள் எண்ணினார்கள். முலாலி கைதட்டினார். இதில் யார் உதவ முடியும் என்று அடுத்துக் கேட்டார். பிற துறையினர் அங்கேயே முன்வந்தனர், அடுத்த வாரங்களில் அறிக்கைகள் பல நிறங்களில் வரத் தொடங்கின.

ஃபோர்டு மீண்டதற்கு இது ஒன்றே காரணம் என்று சொன்னால் அது மிகை. சொத்துகளை அடமானம் வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் அவர்கள் கடன் திரட்டியதும், அது 2008 நிதி நெருக்கடிக்கு முன்பே நடந்ததும் பெருங்காரணங்கள். இருப்பினும், 2009இல் போட்டி நிறுவனங்களான ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் நடைமுறைக்குள் போனபோது ஃபோர்டு போகவில்லை. கையிலிருந்த பணத்தை எங்கே செலவிட வேண்டும் என்பதை அந்தச் சிவப்புக் கட்டங்கள்தான் காட்டியிருக்கும்.

உங்கள் கூட்டத்தில் முதல் சிவப்பு வரும் நாளில், காரணத்தைப் பிறகு கேளுங்கள். என்ன உதவி வேண்டும் என்பதை முதலில் கேளுங்கள். அன்று நீங்கள் குரலை உயர்த்திவிட்டால், அடுத்த சிவப்பு வர நெடுங்காலமாகும்.

கேள்வி: தொழிலாளர்களின் மனப்பான்மை சரியில்லை, ஆட்களை மாற்றினால்தான் ஆலையின் பண்பாடு மாறும் என்கிறது எங்கள் நிர்வாகம். இதற்கு என்ன பதில் சொல்வது?
– தொழிற்சங்க உறுப்பினர், அம்பத்தூர்

பதில்: கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் கார் ஆலையைச் சொல்லுங்கள். தரக்குறைவுக்கும், வேலைக்கு வராமைக்கும், ஓயாத பூசல்களுக்கும் பெயர்போன அந்த ஆலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடியது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டு முயற்சியாக அது மீண்டும் திறக்கப்பட்டபோது, பணியில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. சங்கமும் அதே சங்கம். மாறியது நிர்வாகம் நடத்திய விதம். முன்பு என்ன நேர்ந்தாலும் லைன் நிற்கக் கூடாது. குறையுள்ள வண்டியும் நகர்ந்துகொண்டே இருக்கும். இப்போது குறையைக் கண்ட தொழிலாளி தலைக்கு மேலிருந்த கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடிவந்து உதவுவார், தேவையானால் லைன் நிற்கும். ஓரிரு ஆண்டுகளிலேயே அங்கு தயாரான வண்டிகளின் தரம் ஜப்பானிய ஆலைகளுக்கு இணையாகப் பேசப்பட்டது.

ஜெனரல் மோட்டார்ஸ் இதே முறையைத் தன் வான் நைஸ் ஆலைக்குக் கொண்டுபோக முயன்றபோது தோற்றது. நாளொன்றுக்கு எத்தனை வண்டி என்ற கணக்கே அங்கு மேலாளர்களின் மதிப்பைத் தீர்மானித்தது. லைனை நிறுத்தும் உரிமையைத் தொழிலாளியிடம் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. தொழிலாளர்களில் பலரும் நிர்வாகத்தின் சொல்லை நம்பவில்லை. அந்த ஆலை 1992இல் மூடப்பட்டது.

அடுத்த பேச்சுவார்த்தையில், குறையைக் கண்டு லைனை நிறுத்தியவர்களில் சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு மெமோ கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் சுட்டிய குறை சரிசெய்யப்பட்டது என்ற இரண்டு விவரங்களையும் நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.