குளிர்த்திக்கு முன்னம் போக வேண்டிய வீடு

அன்புள்ள ரீச்சர்,

நான் மட்டக்களப்பு எழுவான்கரையில் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். இப்போது கொழும்பில் வேலை. வீட்டில் யாரிடமும் கேட்க முடியாத ஒன்றை உங்களிடம் கேட்கிறேன்.

எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு என்றால் அப்பாதான் முன்னுக்கு நிற்பார். அவருடைய குடிக்கு, அதாவது குலப் பிரிவுக்கு, உரிய நாளின் செலவு முழுவதும் அவர் கையால்தான். கோயில் கதவு திறந்ததிலிருந்து சடங்கு முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி இல்லை. அவர் செருப்பும் போடமாட்டார். மடைக்கு, அதாவது படையலுக்கு, வைக்கும் அரிசி எங்கள் வயலில் விளைந்தது.

அந்த வயலில் மூன்று ஏக்கர் அப்பாவின் கூடப்பிறந்த மாமியுடையது. அப்பம்மா அதை மாமிக்குச் சீதனமாக வாயால் சொல்லிக் கொடுத்தது ஊருக்கே தெரியும். காணி உறுதி மட்டும் எழுதவில்லை. 1990இல் மாமா காணாமல் போனார். மாமி பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து, சில வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது காணி அப்பாவின் பெயரில் இருந்தது. மாமி இன்றைக்கும் இடியப்பம் அவித்து விற்கிறார்.

போன வருஷம், சடங்கு முடியும் குளிர்த்தியன்று மாமி பொங்கல் பானையோடு அப்பா நின்ற பக்கம் வந்தார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமி ஒன்றும் பேசாமல் போய் வீதியின் பின்பக்கத்தில் அடுப்பு மூட்டினார். அதைப் பார்த்த பிறகு என்னால் கும்பிட முடியவில்லை.

அப்பாவின் பூசையை அம்மாள் ஏற்றுக்கொள்வாவா? இத்தனை வருஷப் பக்தியும் வீணா? இந்த வைகாசிக்கு நான் ஊருக்குப் போகாமல் விட்டால் என்ன?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார்)

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பதில் எழுதப் பல நாளாகிவிட்டது. உங்கள் கேள்வி என்னையும் தொடுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் அப்பா கண்ணை மூடி நிற்கும்போது அவருக்கும் அம்மாளுக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. எப்படிப்பட்ட வழிபாட்டைத் தெய்வம் வேண்டாம் என்கிறது என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததை மட்டும் சொல்கிறேன்.

நம் ஊரில் பூசை பழுதாகிவிடும் என்று பயப்படுகிற விஷயங்கள் நிறைய. துடக்கு (தீட்டு) கழியாமல் வந்துவிட்டோமா, மடையில் ஏதும் குறைந்துவிட்டதா, பொங்கல் எந்தப் பக்கம் வழிந்தது என்றெல்லாம் பார்ப்போம். பார்க்கட்டும், அதில் ஒரு பயபக்தி இருக்கிறது. ஆனால் கோயிலுக்குள்ளே இருப்பவள் யார் என்று நாம் நினைத்துப் பார்க்கிறோமா?

சடங்கு நாட்களில் நம் கோயில்களில் படிப்பது கண்ணகி வழக்குரை. பெயரைப் பாருங்கள் மகள். வழக்கு உரைத்தல். எவ்வளவோ தெய்வங்களுக்கு அவர்கள் அசுரரை வென்ற கதையைப் பாடுகிறோம். இவளுக்கு மட்டும் ஒரு வழக்கைப் படிக்கிறோம். விசாரிக்காமல் சொன்ன தீர்ப்பால் புருஷனை இழந்த ஒரு பெண், கையில் ஒற்றைச் சிலம்போடு தனியாக அரசவைக்குப் போய் நியாயம் கேட்ட கதை அது. அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள். மதுரை எரிந்தது. அந்தச் சூட்டோடு வந்தவளை ஆற்றத்தான் குளிர்த்தி. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் கதவை வைகாசியில் திறந்து, நாள்கணக்காகப் படித்து, பொங்கி, கடைசியில் குளிர்ந்தருள் தாயே என்று பாடி நீர் தெளிக்கிறோம்.

அநியாயம் செய்யப்பட்ட ஒரு பெண்ணின் சூடு அது. அதை ஆற்றுகிற அதே இரவில், அதே வீதியின் பின்பக்கத்தில், புருஷனும் இல்லாமல் காணியும் இல்லாமல் இன்னொரு பெண் தனியாக அடுப்பு மூட்டுகிறார். அம்மாளுக்கு எந்தப் பக்கம் கண் போகும் என்று நினைக்கிறீர்கள்?

இன்னொன்றையும் நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். நம் பக்கத்தில் குடி தாய்வழி. அப்பா அந்த நாளில் முன்னுக்கு நிற்பது அவருடைய தாயின் குடியால். நீங்கள் அந்தக் குடி இல்லை, உங்கள் அம்மாவின் குடி. அப்பாவுக்குப் பிறகு அந்த உரிமையைக் கொண்டுபோகிறவர்கள் மாமியின் பிள்ளைகள். பெண்வழியாக வந்த மரியாதையை ஏற்றுக்கொண்டு, பெண்வழியாகப் போக வேண்டிய நிலத்தை மறித்து வைத்திருக்கிறார். கோபத்தோடு சொல்லவில்லை. இதை அவரிடம் யாரும் எடுத்துச் சொல்லியிருப்பார்களோ என்றுதான் யோசிக்கிறேன்.

நான் படித்தது மிஷன் பாடசாலையில். சைவப் பிள்ளைகள் வேத பாடத்தில் இருக்கத் தேவையில்லை, ஆனாலும் நான் இருப்பேன். அங்கேதான் பைபிளில் வரும் ஆமோஸ் தீர்க்கதரிசியைப் பற்றிக் கேட்டேன். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டு. தெக்கோவா என்ற ஊரில் ஆடுமாடு பார்த்து, காட்டத்திப் பழத்தில் பிழைத்தவர். அப்போது வடக்கே இஸ்ரவேலில் எரொபெயாம் அரசன். நல்ல விளைச்சல், நல்ல வியாபாரம், பெத்தேல் கோயிலில் திருவிழாவுக்கும் பலிக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. அங்கே போய் இந்த மனிதர் கடவுளின் சொல்லாகச் சொன்னது: உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், உங்கள் பலியை ஏற்கமாட்டேன், உங்கள் பாட்டின் இரைச்சலை என்னை விட்டு அகற்றுங்கள், நியாயம் தண்ணீரைப் போலப் புரண்டு வரட்டும்.

பூசை முறையில் அவர் பிழை பிடிக்கவில்லை. அவர் சொன்ன குற்றங்கள் வேறு. ஒரு சோடிச் செருப்புக்காக ஏழையை விற்கிறீர்கள் என்றார். அமாவாசை எப்போது முடியும், ஓய்வுநாள் எப்போது கழியும், மரக்காலைச் சிறிதாக்கித் தானியம் விற்கலாம் என்று கோயில் நாளிலேயே கணக்குப் போடுகிறீர்கள் என்றார். இன்னொன்று என் மனதில் அப்படியே நிற்கிறது. ஏழையிடம் அடகாக வாங்கிய துணியை விரித்து, பலிபீடத்துக்குப் பக்கத்திலேயே அதன்மேல் படுத்திருக்கிறீர்கள் என்றார். அடகு வாங்கிய போர்வையைப் பொழுது சாய முன் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். குளிருக்கு அந்த ஏழையிடம் இருந்தது அது ஒன்றுதான். அதன்மேல் படுத்துக்கொண்டு ஆராதனை.

கோயில் குருவான அமத்சியா அவரை விரட்டினார். இது அரசனுடைய கோயில், உன் ஊரில் போய்ப் பேசு என்றார்.

உங்கள் அப்பாவின் மடையில் இருக்கும் அரிசியும் எனக்கு அந்தப் போர்வை போலத்தான் தெரிகிறது.

இனி என் கதை. இதை இதுவரை எழுதியதில்லை.

1990 ஆனியில் திரும்பவும் சண்டை தொடங்கியபோது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போனார்கள். அந்த வீட்டு அக்கா இரண்டு தங்கக் காப்பைத் துணியில் சுற்றி என் கையில் தந்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் என் தாயார் படுத்த படுக்கையானார். கையில் காசில்லை. காப்பை அடகு வைத்தேன். மீட்டுவிடலாம் என்றுதான் வைத்தேன். முடியவில்லை, காப்பு போய்விட்டது. அக்கா 1993இல் வந்து கேட்டபோது, வீட்டை உடைத்துக் களவெடுத்துவிட்டார்கள் என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, உயிர் தப்பினதே பெரிய காரியம் ரீச்சர் என்று ஆறுதல் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்குப் போனேன். விரதம் பிடித்தேன், இறந்துபோன என் அப்பாவுக்காகத் தீர்த்தத்தில் மூழ்கினேன். ஒரு வருஷமும் விடவில்லை. மூழ்கி எழும்பினால் முதலில் என் கண் தேடுவது, கரையில் அந்த அக்கா நிற்கிறாரா என்றுதான். சாமியைத் தேடவில்லை, அப்பாவை நினைக்கவில்லை. ஒன்பது வருஷம் அப்படி.

2002இல் என் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தது. இரண்டு காப்பின் அன்றைய விலையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “காப்புப் போனால் போகட்டும் ரீச்சர், உங்களுக்கு நான் ஆறுதல் சொல்ல வச்சிட்டீங்களே” என்றார். பணத்தை எண்ணி வாங்கினார். வெறும் தேத்தண்ணி தந்தார். இன்றைக்கும் வழியில் கண்டால் சுகம் கேட்பார். என் வீட்டுக்கு வருவதில்லை.

அந்த ஆடி அமாவாசைக்கும் போனேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. ஆனால் மூழ்கி எழும்பியபோது கரையைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது.

ஆகவே, வீணா என்று கேட்டீர்களே, வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒன்பது வருஷமும் நான் கோயிலுக்குப் போகாமல் விட்டிருந்தால் அந்தக் காப்பை மறந்தே போயிருப்பேன். கும்பிடப் போன இடத்தில்தான் அது திரும்பத் திரும்ப எதிரில் வந்து நின்றது. இயேசுவும் இதைத்தான் சொன்னார். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானமாகு, பிறகு வந்து செலுத்து என்றார். காணிக்கையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லவில்லை. அது அங்கேயே இருக்கிறது, ஆள்தான் ஒரு வீட்டுக்குப் போய்வர வேண்டும். என்னோடு படிப்பித்த காத்தான்குடி ரீச்சர் ஒருவர் குர்ஆனில் மாஊன் என்ற அத்தியாயத்தைச் சொல்லித் தந்தார். ஏழே வசனம். அனாதையை விரட்டுகிறவனில் தொடங்கி, பிறர் காணத் தொழுது, அற்பமான பொருளைக்கூடக் கொடுக்க மறுக்கிறவர்களில் முடிகிறது. தொழுகிறவர்களுக்குக் கேடு என்ற சொல் அதன் நடுவில் வருகிறது. அதைச் சொல்லும்போது அவருடைய குரல் தாழ்ந்தது.

உங்கள் அப்பா சட்டத்தைப் பேசலாம். பத்து வருஷத்துக்கு மேல் ஆண்டு அனுபவித்த காணி என்பார். போரால் உரிமை கேட்க முடியாமல் போனவர்களுக்காக 2016இல் சிறப்பு ஏற்பாட்டுச் சட்டம் ஒன்றும் வந்தது. மாமியின் விஷயத்தில் எது செல்லும் என்பதை ஒரு சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். ஆனால் அம்மாளின் முன்னால் நிற்கும்போது உறுதியில் யார் பெயர் இருக்கிறது என்பது பேச்சில்லை. சிலப்பதிகாரத்துப் பாண்டியனுக்குச் செங்கோலும் காவலரும் இருந்தார்கள். மாணிக்கத்தைக் கண்டதும் அவன் ஒரு வாதமும் செய்யவில்லை. நானா அரசன், நானே கள்வன் என்றான். அந்த ஒரு சொல்லுக்காக அவனை எனக்குப் பிடிக்கும்.

ஊருக்குப் போகாமல் விடுவதா என்று கேட்டீர்கள். போங்கள். கட்டாயம் போங்கள். நீங்கள் வராவிட்டால் அப்பா, பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லிவிடுவார். மாமிக்கு அதனால் ஒரு கைப்பிடி அரிசியும் வராது. நீங்கள் படித்ததும் அந்த வயல் நெல்லை விற்ற காசில்தானே. இது உங்களைக் குற்றவாளியாக்கச் சொல்வதல்ல. அந்தக் கடனில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதனால் பேசுவதற்கும் உரிமை இருக்கிறது.

கதவு திறக்க முன்னமே வந்துவிடுங்கள். நேரே மாமி வீட்டுக்குப் போங்கள். காணியைப் பற்றி வாக்குக் கொடுக்க வேண்டாம், அது உங்கள் கையில் இல்லை. எனக்குத் தெரியும் மாமி, நான் மறக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் அதை அவரிடம் சொல்லியிருக்கமாட்டார்கள். அப்பாவிடம் தனியாகப் பேசுங்கள், கோயில் வீதியில் நான்கு பேர் முன்னால் வேண்டாம். கோபப்படுவார். முதல் தரம் இளகமாட்டார். எனக்கு ஒன்பது வருஷம் எடுத்தது, அதுவும் இரண்டு காப்புக்கு.

குளிர்த்தியன்று அவர் முன்னுக்கு நிற்பது நிற்கட்டும். நீங்கள் பின்வீதிக்குப் போய் மாமியின் பானைக்கு விறகு தள்ளிக் கொடுங்கள். பொங்கல் கிழக்கே வழிந்ததா, வடக்கே வழிந்ததா என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ரீச்சர்