மறு: பத்து நிமிட மின்னஞ்சலில் பதிந்த கணக்குக்குள் போக முடியவில்லை

தம்பி, களுவாஞ்சிக்குடியில் இருந்து வேலைவாய்ப்புத் தளமொன்றில் டென் மினிட் மெயில் என்ற தற்காலிக மின்னஞ்சல் முகவரியால் பதிந்ததாகவும், இப்போது கடவுச்சொல் மறந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த முகவரி திரும்பி வராது. நேரம் முடிந்ததும் பெட்டியே அழிந்துவிடும், மீட்புக் கடிதம் போய்ச் சேர இடமில்லை.

முதலில் பழைய போனையோ வீட்டுக் கணினியையோ பாருங்கள். எதிலாவது கணக்கு திறந்தபடி இருந்தால் வெளியேறாமல், அமைப்புகளுக்குள் போய் மின்னஞ்சலை மாற்றுங்கள். சில தளங்கள் அதற்கும் பழைய கடவுச்சொல்லைக் கேட்கும். பிரவுசர் சேமித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் புதுக் கணக்குத்தான்.

மெயிலினேட்டர் என்ற இன்னொரு தற்காலிக மின்னஞ்சல் சேவை என்றால் அதே பெயரைத் தட்டிப் பெட்டியைத் திறக்கலாம். ஆனால் பெயர் தெரிந்த எவரும் திறக்கலாம், அதுதான் வில்லங்கம். சுயவிபரக்கோவை, அடையாள அட்டை இலக்கம் போகும் இடத்துக்கு இவை ஆகவே ஆகாது.

இனிமேல் ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் 'வேலை' போன்ற ஒரு சொல்லும் ஆங்கில எழுத்தில் சேர்த்து, அதன்பின் வழமையான @ பகுதியைப் போடுங்கள். கடிதம் உங்கள் பெட்டிக்கே வரும். தொல்லை தொடங்கினால் 'பெறுநர்' இடத்தில் அந்த முகவரியைக் கொடுத்து வடிகட்டி போட்டு அழிக்கலாம். சில படிவங்கள் கூட்டல் குறியை ஏற்காது. கெட்டிக்கார ஸ்பாம்காரன் அதை வெட்டிவிட்டும் அனுப்புவான். அப்படியான இடத்துக்கு, உங்கள் உண்மையான முகவரியை மறைத்துக் கடிதத்தை அதற்கே அனுப்பிவைக்கும் ஃபயர்பாக்ஸ் ரிலே சேவை: 5 முகமூடி முகவரி இலவசம், வேண்டாதபோது சுவிட்சை அணைத்தால் போதும்.