பெண்களையும் வேலையையும் ஆராயும் சமூகவியல் பேராசிரியர்கள் நமக்குத் தெரியாத எதைப் புதிதாகச் சொல்லிவிடுகிறார்கள்?

கேள்வியில் இருக்கும் ‘சொல்லிவிடுகிறார்கள்’ என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. கேட்டவர், வேலைக்குப் போகும் மனைவியுள்ள ஓர் ஆண் என்று ஊகித்துக்கொள்கிறேன், தவறென்றால் பொறுத்துக்கொள்ளவும். சில ஆண்டுகளுக்கு முன்பு, இதே தொனியில் நானும் என் மகளிடம் கேட்டேன். சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்த அவள், பதில் ஏதும் சொல்லாமல், ஆர்லி ரஸ்ஸல் ஹோக்சைல்டு எழுதிய ‘த செகண்ட் ஷிப்ட்’ என்ற நூலைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஓய்வு பெற்ற புதிது. படிக்க நேரம் இருந்தது.

ஹோக்சைல்டு, அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் சமூகவியல் பேராசிரியராக இருந்தவர். 1989இல் வெளிவந்த அந்த நூலுக்காக, இருவரும் வேலைக்குப் போகும் 50 தம்பதிகளிடம் பேசியதோடு நிற்காமல், ஒரு டஜன் வீடுகளுக்குள் போய் மாலை நேரத்தில் யார் எதைச் செய்கிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்தார். சம்பள வேலையையும் வீட்டு வேலையையும் கூட்டிப் பார்த்தால், பெண்கள் ஆண்களைவிட வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் கூடுதலாக உழைத்தார்கள் என்று 1960களிலும் 70களிலும் எடுக்கப்பட்ட கணக்குகளைக் கொண்டு அவர் காட்டினார். ஓராண்டில் அது, நாளுக்கு 24 மணி நேரம் வீதம், முழுதாக ஒரு மாதம்.

ஷிப்டு என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. என் அப்பா கோவையில் பஞ்சாலைத் தொழிலாளி. அம்மாவும் அதே ஆலையில், நூலைச் சுற்றியெடுக்கும் ரீலிங் பிரிவில் இருந்தார். சங்கு ஊதியதும் இருவரும் ஒன்றாக வீடு திரும்புவார்கள். அப்பா கயிற்றுக் கட்டிலில் சாய்வார், அம்மா அடுப்பைப் பற்றவைப்பார். இதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த ஒரு மாதக் கணக்கு பெரிய செய்தியாகப் படவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என்னை உறுத்தியது வேறொரு பகுதி. நான்சி, ஈவன் என்று புனைபெயர் சூட்டி அவர் எழுதிய ஒரு தம்பதியர், பல காலம் சண்டையிட்டு, கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வருகிறார்கள்: மாடி முழுவதும் மனைவியின் பொறுப்பு, கீழ்த்தளம் கணவனுடையது. மாடியில் சமையலறை, கூடம், படுக்கையறை எல்லாம் இருக்கின்றன. கீழே இருப்பது கார் நிறுத்தும் இடம். போதாததற்கு, வீட்டு நாயையும் ஈவன் பார்த்துக்கொள்கிறார். வேலையைச் சமமாகப் பிரித்துக்கொண்டதாக இருவருமே சொல்கிறார்கள். சொல்வது மட்டுமல்ல, நம்பவும் செய்கிறார்கள், ஏனென்றால் அப்படி நம்பாவிட்டால் அந்தக் குடும்பம் நிற்காது.

என் வீட்டில் மாடி இல்லை. ‘வெளிவேலை நான், உள்வேலை அவள்’ என்ற ஏற்பாடு இருந்தது. மின்கட்டணம், ரேஷன், ஸ்கூட்டரைப் பழுது பார்ப்பது ஆகியவை என்னுடையவை. அவற்றில் எதையும் இன்று முடியாவிட்டால் நாளை செய்யலாம். காலை ஏழரைக்குள் நான்கு டிபன் பாக்ஸ் கட்டுவதை நாளை செய்ய முடியாது. இந்த வித்தியாசத்தையும் ஹோக்சைல்டு எழுதியிருக்கிறார்: பெண்களுக்கு விழுபவை நேரம் குறித்த அன்றாட வேலைகள், ஆண்களுக்கு விழுபவை தள்ளிப்போடக்கூடியவை. நண்பர்களிடம் ‘எங்கள் வீட்டில் பாதிக்குப் பாதி’ என்று நான் பெருமை பேசியது, படிக்கும்போது நினைவுக்கு வந்து கூசியது.

இனி, சொல்லத் தயங்கியதைச் சொல்கிறேன். நானும் மனைவியும் ஒரே வங்கியில் எழுத்தர்களாகச் சேர்ந்தவர்கள். 1991இல் எனக்கு அதிகாரியாகப் பதவி உயர்வு வந்தது; வெளியூர் மாற்றலை ஏற்று மூன்றாண்டுகள் தனியாகத் தங்கினேன், சனிக்கிழமை இரவு வந்து திங்கள் விடியலில் திரும்புவேன். 1994இல் அதே தேர்வில், என்னைவிட நல்ல மதிப்பெண்ணுடன், அவள் தேறினாள். பிள்ளைகளுக்கு வயது ஏழும் நான்கும். என் அம்மா படுத்த படுக்கை. அவள் வெளியூர் போவதைப் பற்றி வீட்டில் யாரும் ‘கூடாது’ என்று சொல்லவில்லை, பேசவே இல்லை. பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டிய கடிதத்தை, ஆங்கிலம் எனக்கு நன்றாக வரும் என்பதால், நானே எழுதினேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்ற தொடரைப் போட்டது நான்தான். மேலதிகாரிகளும் சரி, நானும் சரி, ‘அவருக்கே விருப்பமில்லை’ என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தோம்.

ஹோக்சைல்டு 1975இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. 1972இல் பெர்க்லியில் முதலாண்டு மாணவர்களில் 41 விழுக்காடு பெண்கள். முழுநிலைப் பேராசிரியர்களில் 3 விழுக்காடே பெண்கள். இடையில் யாரும் கதவை அடைக்கவில்லை. பணி வாழ்க்கையின் கடிகாரமே, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு மனைவி உள்ள ஆணுக்காகச் செய்யப்பட்டது என்றும், ஓடி முன்னேற வேண்டிய ஆண்டுகளும் பிள்ளை வளர்க்கும் ஆண்டுகளும் ஒன்றாகவே வந்து விழுகின்றன என்றும் அவர் வாதிட்டார். எங்கள் வங்கியின் மாற்றல் விதியில் ஆண், பெண் என்ற சொற்களே கிடையாது. எனக்குப் பொருந்திய விதி அவளுக்குப் பொருந்தாமல் போனதற்குக் காரணம், எனக்கு ஒரு மனைவி இருந்தாள் என்பதே.

‘50 குடும்பங்களை வைத்து உலகத்தையே சொல்லலாமா, அதுவும் அமெரிக்காவில்?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி, அதற்காகவே நம் அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சொல்கிறேன். வீட்டு வேலை செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், நாளொன்றுக்குப் பெண்கள் 299 நிமிடங்கள், ஆண்கள் 97 நிமிடங்கள். நான் ஆண்களைத் திட்டுவதாகவும் எண்ண வேண்டாம். ஹோக்சைல்டின் ஆய்விலேயே ஐந்தில் ஒரு கணவர் வேலையைச் சமமாகப் பகிர்ந்திருக்கிறார். அந்த ஐவரில் ஒருவன் நான் என்று நினைத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஓர் இடைச்செருகல். ‘உணர்ச்சி உழைப்பு’ என்பதையும் ஹோக்சைல்டு சொன்னதாகக் கூறி, பிறந்தநாளை நினைவில் வைப்பது முதல் பாத்திரம் கழுவுவதுவரை எல்லாவற்றுக்கும் இன்று அந்தப் பெயரை ஒட்டுகிறார்கள். 1983இல் டெல்டா என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் பணிப்பெண்களை ஆராய்ந்து அவர் குறித்தது, சம்பளத்துக்காக முகத்திலும் மனத்திலும் ஓர் உணர்ச்சியை வரவழைக்கும் வேலையை. அந்தச் சொல் இப்படி நீர்த்துப்போவதை அவரே பின்னாளில் ஆட்சேபித்தார்.

மனைவி எழுத்தராகவே ஓய்வு பெற்றாள். ஒவ்வொரு நவம்பரிலும் ஆயுள் சான்றிதழ் கொடுக்க இருவரும் ஒன்றாகக் கிளைக்குப் போகிறோம். சென்ற முறை, புதிதாக வந்திருந்த ஓர் இளம் பெண் அதிகாரி இருவர் தாள்களையும் பார்த்துவிட்டு, “நீங்க ஏன் மேடம் ஆபீசர் ஆகல?” என்று இயல்பாகக் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: “இவரு லெட்டர் ரொம்ப நல்லா எழுதுவாருங்க.”