ராம் கார்டில் எவ்வளவு தங்கம்?

கேள்வி: கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய மதர்போர்டு இரண்டு மூட்டை, ராம் கார்டு அறுபது சேர்ந்திருக்கின்றன. வீடியோவில் ஆசிட் ஊற்றித் தங்கம் எடுக்கிறார்கள். மொட்டை மாடியில் நானும் செய்யலாமா? எவ்வளவு தேறும்?
*ஈரோடு வாசகர்*

ஆசிட் வாங்கும் முன் கணக்கைப் போட்டுவிடுவோம். ராம் கார்டின் விளிம்பில் வரிசையாக மஞ்சள் பற்கள் இருக்கின்றன அல்லவா, அதுதான் சரக்கு. டிடிஆர்3 கார்டில் இரு பக்கமும் சேர்த்து 240 பல். ஒரு பல் முக்கால் மில்லிமீட்டர் அகலம், இரண்டரை மில்லிமீட்டர் நீளம் என்று வைத்தால், மொத்தப் பரப்பு ஐந்து சதுர சென்டிமீட்டர்கூட வராது. நல்ல கார்டில் முலாம் அரை மைக்ரானிலிருந்து முக்கால் மைக்ரான் கனம் இருக்கும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். பெருக்கிப் பாருங்கள்: ஒரு கார்டுக்கு 4 முதல் 7 மில்லிகிராம். உங்கள் அறுபது கார்டும் சேர்ந்து அரை கிராமைத் தொடாது. ஒரு பவுன் சேர்க்க ஆயிரம் கார்டுக்கு மேல் வேண்டும். மதர்போர்டில் மினுங்கும் வட்டங்களை நம்ப வேண்டாம், அந்த முலாம் பெரும்பாலும் பத்தில் ஒரு மைக்ரானுக்குள்தான். அந்த இரண்டு மூட்டையும் எடைக்குப் போகிற சரக்கு.

வீடியோவில் காட்டுகிறபடி முழுப் பலகையை ராஜ திராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலவை) போட்டால் அந்த அரை கிராமும் கைக்கு வராது. திராவகம் தங்கத்தை மட்டும் தேடிப் போகாது. செம்பு, நிக்கல், ஈயம் எல்லாவற்றையும் தின்னும். பலகையில் செம்பு மீந்திருந்தால், கரைந்த தங்கம் திரும்ப அந்தச் செம்பிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். சால்டரில் உள்ள வெள்ளீயம் கொழகொழவென்று திரண்டு வடிதாளை அடைத்துவிடும். தங்கத்தில் ஒரு பங்கு அந்தச் சேற்றோடு போய்விடும்.

நான் கோவையில் டச் (தங்கத்தின் தரம்) பார்க்கிற கடையில் வளர்ந்தவன். தொழில் தெரிந்தவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பற்களை மட்டும் கத்தரித்து, அடியில் இருக்கும் செம்பைக் கரைப்பார்கள். தங்கத்தை அந்தக் கரைசல் தொடாது. பிடிமானம் போனதும் ஒவ்வொரு பல்லும் தன் வடிவம் குலையாமல் மெல்லிய தோலாக உரிந்து மிதக்கும். குச்சியால் தொட்டால் சுருண்டுவிடும். பார்க்க அழகுதான். ஆனால் அதற்கும் ஆசிட் வேண்டும், ஆவியை இழுத்து வெளியே தள்ளும் கூண்டு வேண்டும், கழிவை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். மொட்டை மாடியில் இவற்றில் எதுவும் கிடையாது. அங்கிருந்து கிளம்பும் ஆவி பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் போகும். எங்கள் கடைத் திராவக அறையின் ஜன்னல் கம்பி தேங்காய் நார் மாதிரி உரிந்து கிடந்தது. இரும்புக்கே அந்த கதி என்றால் நுரையீரலை யோசியுங்கள்.

சட்டமும் இடம் தராது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்யாமல் மறுசுழற்சி செய்யக்கூடாது. நீங்கள் செய்ய வேண்டியது தரம் பிரிப்பதுதான். ராம் தனி, ப்ராசசர் தனி, மதர்போர்டு தனி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கொடுத்தால் ராமும் மதர்போர்டு விலைக்கே போய்விடும். பிரித்து வைத்துப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். ஆசிட்டே வாங்காமல் கைக்கு வருகிற லாபம் இது.

கேள்வி: வீடியோவின் முடிவில் பாத்திரத்தடியில் காப்பிப் பொடி நிறத்தில் ஏதோ படிகிறது. அது தங்கமா, ஏமாற்றா?
*நாகர்கோவில் மாணவர்*

தங்கமாக இருக்கலாம். கரைசலிலிருந்து பிரிந்து வருகிற தங்கம் மிக நுண்ணிய தூளாக இருப்பதால் பளபளக்காது, பழுப்பாகத்தான் தெரியும். வெங்காரம் (போராக்ஸ்) சேர்த்து மூசையில் (உருக்கும் கிண்ணம்) உருக்கினால்தான் மஞ்சள் வரும், அதற்கு 1064 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். கரைசலில் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்டானஸ் குளோரைடு ஒரு சொட்டு விடுவார்கள். இருந்தால் ஊதாவோ கருப்போ ஆகும். கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் கேளுங்கள், காட்டுவார்.

கேள்வி: இவ்வளவு கொஞ்சம்தான் என்றால் கம்பெனிகள் ஏன் செய்கின்றன?
*மதுரை வாசகி*

அளவுதான் காரணம். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பானியர்கள் சுமார் 79,000 டன் சிறு மின்சாதனங்களைச் சேகரித்தார்கள், அதில் 62 லட்சம் கைபேசிகள். கிடைத்த தங்கம் 32 கிலோ. கம்பெனிகள் தங்கத்தோடு வெள்ளியும் செம்பும் பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும் சேர்த்து எடுப்பதால் கட்டுப்படியாகிறது. வீட்டில் செய்கிறவர் மற்ற எல்லாவற்றையும் சாக்கடையில் ஊற்றுகிறார்.

கேள்வி: என் கணவர் வேலை முடிந்து வந்து துணி துவைக்கும் இடத்தில் இதைச் செய்கிறார். பச்சைத் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றுகிறார். எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. ராத்திரி அவருக்கு இருமல். சொன்னால் கோபப்படுகிறார்.
*திருவள்ளூர் வாசகி*

அம்மா, உங்கள் கடிதத்துக்குத் தபாலிலும் பதில் அனுப்பியிருக்கிறேன். மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அந்த இருமல். நைட்ரிக் ஆசிட் வேலையில் பழுப்புப் புகை வரும். அதை மூச்சில் இழுத்தவருக்கு அப்போது லேசான எரிச்சல் மட்டுமே தெரியலாம். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டலாம். துணி முகக்கவசம் அந்தப் புகையைத் தடுக்காது. புகைபட்ட நாளில் இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். சளி இருமல் என்று சொல்லாமல், ஆசிட் புகை என்றே சொல்லுங்கள்.

பச்சைத் தண்ணீரில் இருப்பது செம்பு, நிக்கல், பழைய பலகை என்றால் ஈயமும். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இனி ஒரு சொட்டும் கீழே போகக் கூடாது. பிளாஸ்டிக் கேனில் விட்டு, மூடியை இறுக்காமல், குழந்தைக்கு எட்டாத நிழலில் வைத்து, மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தைக் கேளுங்கள். அதோடு ப்ளீச்சிங் பவுடரையோ கழிவறை சுத்தம் செய்யும் திரவத்தையோ கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். தங்க வேலைக்கென்று சயனைடு ஏதாவது வாங்கி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அது இருக்கும் அறையில் ஆசிட் இருக்கவே கூடாது.

போர் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்து ஈயம், செம்பு, நிக்கல் மூன்றும் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வெளித் தண்ணீர். குழந்தைக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனை உண்டு, குழந்தை மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிடுங்கள். முடிவை எனக்கு எழுதுங்கள்.