ரிட்லி கீறிய கோடும் அம்மாவின் உளியும்

"பூங்காவுக்கு இயக்குநராக ஒரு தாவரவியல் அறிஞர் எதற்கு? செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பூங்காவுக்கு ஒருவேளை போதும். எங்கள் குடும்பத்துக்குப் போதாது.

என் அம்மா மலேசியாவின் பேராக்கில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரநிரைக்குள் இறங்குவார். நேற்றைய வெட்டின் கீழ்விளிம்பில் உளியை வைத்து, காகிதக் கனத்துக்குப் பட்டையைச் சீவுவார். கோட்டில் பால் கசிந்து, மரத்தில் கட்டிய மங்கு என்ற கிண்ணத்துக்குள் சொட்டும். உளி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டதோ, கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதெல்லாம் தோட்டத்துப் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். இதன் மூலம் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருக்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி 1888இல் அங்கே இயக்குநரானார். லண்டன் கியூ பூங்கா அனுப்பிய 22 ரப்பர் கன்றுகள் 1877லேயே சிங்கப்பூர் வந்துவிட்டன. அவற்றைச் சீண்டத்தான் ஆளில்லை. பிரேசில் காடுகளில் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பார்கள். கொத்துப்பட்ட மரம் எத்தனை நாள் தாங்கும்? ரிட்லி மீன்முள் போலச் சாய்வாகக் கோடு கீறி, அதே விளிம்பைத் திரும்பத் திரும்ப மெல்லச் சீவிப் பார்த்தார். பட்டைக்கு அடியிலுள்ள வளர்திசு காயப்படாமல் தப்பினால் பட்டை மறுபடி வளரும், மரமும் பிழைக்கும். சீவச் சீவப் பால் கூடவும் செய்தது.

கண்டுபிடித்தது பாதி வேலைதான். காப்பித் தோட்டக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் சட்டைப்பையில் ரப்பர் விதையைத் திணிப்பாராம். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கியது அதனால்தான். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்ற சீனர் துணிந்து நட்டார். மோட்டார் கார்கள் பெருகியபோது மலாய்த் தீபகற்பமே பால்மரக்காடானது. எங்கள் ஆட்கள் கப்பல் ஏறியது அந்தக் காட்டுக்குத்தான். அவர்கள் பட்டபாடு ரிட்லியின் கணக்கில் வராது, அது வேறு கதை.

இதற்கிடையில், 1893இல் ஒரு பெண்மணி தம் தோட்டத்தில் பூத்த ஆர்க்கிட்டைக் கொண்டுவந்து காட்ட, அது புதுக் கலப்பினம் என்று உறுதிசெய்து பெயரிட்டவரும் ரிட்லியே. இன்று அதுதான் சிங்கப்பூரின் தேசிய மலர். ரிட்லி 1956இல் நூறு வயது நிறைந்து காலமானார்.

அம்மாவை ஒருமுறை அந்தப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். ரிட்லி கீறிய மரத்தின் பழைய படத்தைக் காட்டினேன். நடுக்கோட்டுக்கு இருபுறமும் கிளைக்கோடுகள். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். "என்னப்பா, மரத்தைப் போட்டு இந்தக் கீறு கீறியிருக்கிறார்! எங்கள் தோட்டத்தில் ஒரு பக்கம்தான் வெட்டுவோம்."