போர்ச் செய்தியில் பத்திரிகையின் சார்பு: கேள்வி பதில்

கேள்வி: சார்புள்ள பத்திரிகை போரைப் பற்றிப் பொய் எழுதுமா, சார்?

அப்பட்டமான பொய் குறைவு. எதை முதல் பக்கத்தில் போடுவது, எதை உள்ளே தள்ளுவது, எந்தத் தொனியில் சொல்வது, இதில்தான் விளையாட்டு. 1982 மே 2 அன்று, ஃபாக்லாந்து போரில், அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரை ஆதரித்த லண்டன் பத்திரிகை ‘சன்’, ‘மாட்டினியா!’ என்கிற தொனியில் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டது. உயிர்ச்சேதம் பெரிது என்று தெரியவந்ததும், அடுத்த பதிப்புகளில் தலைப்பை மாற்றியது. கப்பல் மூழ்கியது உண்மைதான். அதற்குக் கைதட்ட வேண்டும் என்பது மட்டும் பத்திரிகையின் சொந்தச் சரக்கு.

கேள்வி: தலைப்பு சாதாரணமாக இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

‘விமானப்படை குண்டு வீசியதில் பத்துப் பேர் பலி’, ‘குண்டுவெடிப்பில் பத்துப் பேர் உயிரிழப்பு’. இரண்டும் ஒரே சம்பவமாக இருக்கலாம். இரண்டாவதில் குண்டு போட்டவரைக் காணோம். வேண்டிய தரப்பு கொன்றால் இப்படி ஆள் காணாமல் போவார். அப்புறம், ‘கூறப்படுகிறது’ எந்தத் தரப்பின் எண்ணிக்கைக்கு மட்டும் ஒட்டப்படுகிறது என்றும் பாருங்கள்.

கேள்வி: போரை எதிர்க்கும் பத்திரிகையை நம்பலாம்தானே?

அவசரப்படாதீர்கள். 2003 இராக் போர் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புகூட அமெரிக்காவின் ‘நியூயார்க் டைம்ஸ்’ தலையங்கம் அதை எதிர்த்தது. ஆனால் 2002 செப்டம்பர் 8 அன்று அதே பத்திரிகையின் முதல் பக்கம், இராக் அதிபர் சதாம் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணு ஆயுதத்துக்கானவை என்ற அமெரிக்க அதிகாரிகளின் வாதத்தைத் தூக்கிப் பிடித்தது. இப்படிப்பட்ட செய்திகளில் போதிய கண்டிப்பு காட்டவில்லை என்று 2004 மே மாதம் அதுவே ஒப்புக்கொண்டது. கட்சிச் சார்பைவிட, அதிகாரிகள் சொல்வதை அப்படியே நம்பும் இந்த அதிகாரிச் சார்புதான் எனக்குப் பயம். ஏனென்றால் அது எல்லா முகாமிலும் உண்டு. அப்போது நைட் ரிடர் என்ற அமெரிக்கப் பத்திரிகை நிறுவனத்தின் நிருபர்கள் கீழ்மட்ட உளவு அதிகாரிகளிடம் பேசிச் சந்தேகத்தை எழுதினார்கள். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

கேள்வி: எதிர்ப்பு முகாமும் சறுக்கியதுண்டா?

உண்டு. இராக் போரை எதிர்த்த பிரிட்டிஷ் பத்திரிகை ‘டெய்லி மிரர்’, பிரிட்டிஷ் சிப்பாய்கள் கைதியை வதைப்பதாகப் படங்கள் வெளியிட்டது. எல்லாம் போலி. 2004 மே மாதம் ஆசிரியர் பியர்ஸ் மார்கனின் வேலை போனது.

கேள்வி: ஆசிரியரின் சார்பை மீறி நிருபர் எழுத முடியுமா?

முடியும், எப்போதாவது. 1937 ஏப்ரல் 26 அன்று, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், குவெர்னிகா நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. நிருபர் ஜார்ஜ் ஸ்டீர் நேரில் போய்ப் பார்த்து, குண்டு வீசியவை ஜெர்மன் விமானங்கள் என்று எழுதினார். இரண்டு நாளில் லண்டன் ‘டைம்ஸ்’ வெளியிட்டது. அதன் ஆசிரியர் ஜெஃப்ரி டாசன், ஜெர்மனியின் மனம் கோணாமல் பத்திரிகை நடத்தப் பாடுபட்டவர்!

கேள்வி: அப்போ எதைத்தான் படிப்பது?

எதிரெதிர் சார்புள்ள இரண்டைப் படியுங்கள். தன் தரப்புக்குப் பாதகமான எதை ஒரு பத்திரிகை வேறு வழியின்றி ஒத்துக்கொள்கிறதோ, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.